போருக்குள் வளரும் பிள்ளை, பக்கத்தில் ஒரு கேமரா

உக்ரைனின் கிழக்கில், மரியுபோல் நகரத்துக்குப் பக்கத்தில் ஹ்னுதோவே என்று ஒரு சின்ன ஊர். 2014இல் அந்தப் பகுதியில் சண்டை மூண்டதும் போர்முனை ஊருக்குக் கூப்பிடு தூரத்தில் வந்து நின்றுவிட்டது. முடிந்தவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். பத்து வயதுப் பையன் ஒருவனும் அவனை வளர்க்கும் பாட்டியும் கிளம்பவில்லை. டென்மார்க்கைச் சேர்ந்த சைமன் லெரெங் வில்மொன்ட் என்ற இயக்குநர் அந்த வீட்டுக்குக் கேமராவோடு போனார். ஒரு வருடத்துக்கும் மேலாக, விட்டு விட்டுத் திரும்பத் திரும்பப் போனார். 2017இல் படம் வெளியானது. பெயரைத் தமிழில் சொன்னால் 'தூரத்து நாய்களின் குரைப்பு' என்று வரும்.

அந்தப் படத்தில் எதிரி என்று யாரும் திரைக்கு வருவதில்லை. சண்டை நடக்கும் இடத்தைத் தேடிக் கேமரா போவதும் இல்லை. போர் பெரும்பாலும் சத்தமாகத்தான் வருகிறது. எங்கோ 'தொம்' என்று விழுகிறது. பையன் தலையைத் திருப்புகிறான். பாட்டியின் முகத்தைப் பார்க்கிறான். நாமும் அந்த முகத்தைத்தான் பார்க்கிறோம். பிறகு அவன் விட்ட இடத்திலிருந்து விளையாட்டைத் தொடர்கிறான்.

போர் நடக்கும் இடத்தில் வளரும் பிள்ளைகளைப் பற்றிய ஆவணப்படம் என்றால் என்ன, அதை எப்படி எடுக்கிறார்கள், எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்பதை இதுவரை யோசித்துப் பார்க்காதவர்களுக்காக எழுதுகிறேன். இந்த வகைப் படத்துக்கு முதலில் வேண்டியது நேரம். நல்ல கேமரா, தைரியம், நல்ல மனசு எல்லாம் அதற்குப் பிறகுதான். சொல்லப்போவது எல்லாமே ஏதோ ஒரு வகையில் அந்த நேரத்தைப் பற்றியதுதான்.

செய்தியில் வரும் குழந்தைக்கு ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. அது பெரும்பாலும் அதன் வாழ்க்கையிலேயே மோசமான நாள். குண்டு விழுந்த பிறகு செய்திக் குழு வந்து சேர்கிறது, அழுகிற முகத்தை எடுக்கிறது, பக்கத்தில் நிற்கும் பெரியவரிடம் ஒரு பைட், அதாவது இரண்டு வரிப் பேச்சு, வாங்குகிறது, மாலை புல்லட்டினுக்கு அனுப்பிவிட்டு அடுத்த இடத்துக்குப் போகிறது. அந்த வேலையை நான் குறை சொல்லவில்லை, அது நடந்தே ஆக வேண்டும். ஆனால் அடுத்த நாள் அந்தப் பிள்ளை பல் தேய்க்கும். தம்பியோடு சண்டை போடும். பள்ளிக்கூடம் திறந்திருக்கிறதா என்று கேட்கும். போன வாரம் தொலைந்த பந்தைப் பற்றிக் கவலைப்படும். ஆவணப்படம் அந்த அடுத்த நாளில் ஆரம்பிக்கிறது.

ஈழத்தில் போர்க்காலத்தில் வளர்ந்தவர்களோடு உட்கார்ந்து பேசியவர்களுக்கு இது சட்டென்று புரியும். கிபிர் போர் விமானம் வரும் சத்தம் எது, ஷெல் என்ற பீரங்கிக் குண்டு கிளம்பும் சத்தம் எது, விழும் சத்தம் எது என்று அவர்கள் இன்றைக்கும் பிரித்துச் சொல்வார்கள். பங்கருக்குள் உட்கார்ந்து விளையாடிய விளையாட்டையும், அங்கே வாங்கிய அடியையும் அதே மூச்சில் சொல்வார்கள். பயமும் விளையாட்டும் வேறு வேறு நாட்களில் நடக்கவில்லை. இரண்டையும் ஒன்றாகக் காட்டுவதற்குத்தான் இந்த வகைப் படம் இருக்கிறது.

சரி, எந்தப் பிள்ளை? முதல் கஷ்டம் இங்கேதான். போர்முனைக்குப் பக்கத்தில் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் இருக்கிறார்கள், படத்தில் ஒன்றோ இரண்டோதான் வர முடியும். வில்மொன்ட் அந்தப் பகுதிப் பிள்ளைகள் பலரிடம் பேசியிருக்கிறார். பயம் எப்படி இருக்கும் என்று கேட்டபோது இந்தப் பையன் சொன்ன பதில் அவரைப் பிடித்து நிறுத்தியது. நெஞ்சுக்குள் ஒரு கை நுழைந்து, ஒவ்வொரு வெடிக்கும் இதயத்தைப் பிடித்துக் கசக்குவதுபோல் இருக்கும் என்றான். பயத்தை உடம்பில் எங்கே உணர்கிறோம் என்று சுட்டிக்காட்டத் தெரிந்த பிள்ளை அவன்.

இதில் ஒரு பொறியும் இருக்கிறது. பெரியவர்கள் மாதிரி பேசும் பிள்ளையைப் பார்த்தால் இயக்குநர்கள் மயங்கிவிடுவார்கள். 'உலகத் தலைவர்களே, எங்களைக் காப்பாற்றுங்கள்' என்று ஏழு வயதுப் பிள்ளை சொன்னால், அது யாரிடமோ கேட்டுச் சொல்வதாகத்தான் பெரும்பாலும் இருக்கும். கேமரா முன்னால் நல்ல பெயர் வாங்க வேண்டும் என்று பிள்ளைகள் தாமாகவே அப்படிப் பேசுவார்கள். அதை எடுத்துவிட்டு நிறுத்தாமல், பேசி முடித்த பிறகு அந்தப் பிள்ளை என்ன செய்கிறது என்று காத்திருந்து பார்ப்பவர்தான் இந்த வேலைக்குப் பொருத்தமானவர்.

பிள்ளையைத் தேர்ந்தெடுக்கும்போது கூடவே இன்னொருவரையும் தேர்ந்தெடுக்கிறீர்கள். அது பக்கத்தில் இருக்கும் பெரியவர். இரண்டாம் உலகப் போரின்போது லண்டனில் ஹாம்ப்ஸ்டெட் போர்க்கால நர்சரிகளை நடத்திய அன்னா ஃப்ராய்டும் டோரதி பர்லிங்ஹாமும் அங்கே வந்த குழந்தைகளைக் கூர்ந்து கவனித்து எழுதினார்கள். குண்டுவீச்சைவிட அம்மாவைப் பிரிந்ததுதான் பல குழந்தைகளை அதிகம் உலுக்கியது என்பது அவர்கள் கண்டது. பக்கத்தில் இருக்கும் பெரியவர் பதறாவிட்டால் குழந்தையும் ஓரளவு தாங்கிக்கொள்கிறது. ஹ்னுதோவே படத்தில் பாட்டிக்கு அவ்வளவு இடம் இருப்பதன் காரணம் இதுதான். அவர் முகத்தை வைத்துத்தான் பேரன் இன்றைக்கு எவ்வளவு பயப்படலாம் என்று முடிவு செய்கிறான்.

அடுத்தது கேமரா. ஒரு முறை கிராமத்துப் பள்ளி ஒன்றைப் பற்றிய சின்னப் படத்துக்கு ஒலிப்பதிவில் உதவப் போயிருந்தேன். போர் எதுவும் இல்லாத அமைதியான ஊர்தான். முதல் நாள் ஒரு ஷாட்கூடத் தேறவில்லை. 'அண்ணே, இது எந்த டிவியில வரும்?' என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒருவன் லென்ஸுக்கு முன்னால் வந்து வந்து பல்லைக் காட்டினான். இரண்டாம் நாள் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு விறைப்பாக உட்கார்ந்தார்கள், அது இன்னும் மோசம். நான்காம் நாள் மதியம் சத்துணவு வரிசையில் முட்டைக்காக நடந்த ஒரு சண்டையில் நாங்கள் அங்கே நிற்பதையே அடியோடு மறந்துவிட்டார்கள். படத்தின் முதல் உண்மையான காட்சி அதுதான். அமைதியான ஊரிலேயே நான்கு நாள் ஆகிறது என்றால், வெளியாள் என்றாலே ஆபத்து என்று கற்றுக்கொண்ட பிள்ளையிடம் எத்தனை வாரம் ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

அதனால்தான் இத்தகைய படங்களைப் பெரிய குழுவோடு எடுப்பதில்லை. வில்மொன்ட் தானே கேமராவைப் பிடிப்பவர். உள்ளூர் மொழி அவருக்குத் தெரியாது. அவரோடு பணியாற்றிய ஆசாத் சஃபரோவ் உக்ரைனியப் பத்திரிகையாளர். மொழி தெரியாதவர் முகத்தையும் கையையும் பார்க்கிறார், தெரிந்தவர் பேச்சைக் கேட்கிறார். வெளிநாட்டு இயக்குநரின் பெயர் போஸ்டரில் பெரிதாக இருக்கும். ஆனால் யார் வீட்டுக் கதவை எப்போது தட்டலாம், எப்போது தட்டக் கூடாது என்று தெரிந்தவர் அந்த உள்ளூர் ஆள்தான். தொடக்க நிலையில் இருப்பவர்கள் படத்தின் கடைசியில் வரும் பெயர்ப் பட்டியலை, எண்ட் கிரெடிட்டை, நிதானமாகப் படிக்கும் பழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

கேமராவின் உயரமும் முக்கியம். நின்றபடி எடுத்தால் பிள்ளையின் உச்சந்தலைதான் தெரியும், பார்ப்பவருக்குப் பரிதாபம் மட்டும்தான் வரும். முழங்கால் போட்டு, பிள்ளையின் கண் மட்டத்துக்கு வந்தால் உலகமே மாறுகிறது. பெரியவர்கள் இடுப்புப் பட்டையாகவும் கைகளாகவும் ஆகிவிடுகிறார்கள். ராணுவ வீரர் ஒருவர் அறைக்குள் வந்தால் முதலில் பூட்ஸ், பிறகு துப்பாக்கியின் முனை, அதற்கு அப்புறம்தான் முகம். மேசைக்கு அடியில் இருக்கும் இடம் ஒரு வீடு மாதிரி தெரியும். நாள் முழுக்க முழங்காலில் நிற்பது உடம்புக்கு எவ்வளவு வலிக்கும் என்பது எடுத்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஒலி என் பக்கத்து விஷயம் என்பதால் கொஞ்சம் கூடவே சொல்கிறேன். ஷெல் கிளம்பும்போது வரும் சத்தம் வேறு, வந்து விழும் சத்தம் வேறு. போர்முனைக்குப் பக்கத்தில் இருக்கும் பிள்ளைகள் இதை எழுத்துக்கு முன்னாலேயே கற்றுக்கொள்கிறார்கள். எடிட்டிங் மேசையில் யாராவது காட்சி விறுவிறுப்பாக இருக்கட்டும் என்று தயாராக வைத்திருக்கும் ஒலித் தொகுப்பிலிருந்து ஒரு வெடிச் சத்தத்தை எடுத்துச் சேர்த்தால், அந்த ஊர்ப் பிள்ளை ஒரு நொடியில் பொய்யைக் கண்டுபிடித்துவிடும். அங்கேயே பதிவு செய்த லைவ் சவுண்டை வைத்துக்கொண்டு, இரண்டு வெடிகளுக்கு நடுவில் இருக்கும் அமைதியையும் விடாமல் வைத்திருப்பதுதான் நேர்மை. அந்த அமைதியில் நாய் குரைக்கும், அடுப்பில் தண்ணீர் கொதிக்கும், அடுத்தது எப்போது என்று எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பின்னணி இசையில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. அழுகிற குழந்தையின் மேல் மெதுவான பியானோவைப் போடக் கூடாது. இது வேண்டாம் என்று சொல்ல அந்தக் குழந்தை எடிட்டிங் அறையில் இல்லை.

காலர் மைக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. வயர்லெஸ் மைக்கைச் சட்டையில் குத்திவிட்டால் பத்து நிமிடத்தில் பிள்ளை அதை மறந்துவிடும். கேமரா எட்டாத தூரத்துக்குப் போய்த் தன் நண்பனிடம் ரகசியம் பேசும். அந்தப் பேச்சு படத்துக்குத் தங்கம்தான். ஆனால் மறந்துபோய்ச் சொன்னது அது. பிறகு அந்தப் பிள்ளையை உட்காரவைத்து, இதை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்காமல் அதைத் தொடக் கூடாது.

எல்லாப் படங்களும் இப்படி ஓரமாக உட்கார்ந்து கவனிப்பவை அல்ல. 2001இல் வந்த 'ப்ராமிசஸ்' ஜெருசலேத்திலும் சுற்றுப்புறத்திலும் வாழும் ஏழு இஸ்ரேலிய, பாலஸ்தீனப் பிள்ளைகளிடம் நேரடியாகக் கேள்வி கேட்டு எடுத்தது. இருபது நிமிடப் பயணத் தூரத்தில் இருந்தும் ஒருவரையொருவர் பார்த்தே இராத பிள்ளைகள். பாலஸ்தீன இயக்குநர் மாய் மஸ்ரி 1998இல் பெய்ரூட்டின் ஷதீலா அகதி முகாமில் கேமராவைப் பிள்ளைகள் இரண்டு பேரின் கையிலேயே கொடுத்துவிட்டார். அவர்கள் தங்கள் முகாமைத் தாங்களே எடுத்தார்கள்.

பெற்றோரே இயக்குநராக இருப்பது இன்னொரு வழி. என்னை அதிகம் கலங்கவைப்பது இதுதான். மேற்குக் கரையில் பிலின் என்ற ஊரைச் சேர்ந்த எமாத் பர்னாத் ஒரு விவசாயி. 2005இல் நான்காவது மகன் பிறந்தபோது, குழந்தையை வீடியோ எடுக்கலாம் என்றுதான் முதல் கேமரா வாங்கினார். எல்லா அப்பாவும் செய்வதுதான். அதே சமயத்தில் ஊர் நிலத்தை ஊடறுத்து இஸ்ரேலின் தடுப்பு வேலி வர, ஊரே வாராவாரம் போராட்டத்தில் இறங்கியது. கேமரா இரண்டையும் எடுத்தது. ஒவ்வொரு கேமராவாக உடைய, ஐந்து கேமராக்கள் போயின. கை டேவிடி என்ற இஸ்ரேலிய இயக்குநரோடு சேர்ந்து அவர் முடித்த படத்தின் பெயரே 'உடைந்த ஐந்து கேமராக்கள்'. அந்தக் குழந்தை பேசப் பழகும்போது வரும் முதல் சொற்களில் 'தோட்டா'வும் 'ராணுவ'மும் இருக்கின்றன. யாரும் எழுதிக் கொடுத்த வசனம் இல்லை. காதில் விழுந்ததைத்தானே குழந்தை திருப்பிச் சொல்லும்.

சிரியாவின் அலெப்போவில் வாத் அல்-கதெயாப் பொருளாதார மாணவியாக இருந்தபோது போராட்டங்களைக் கைபேசியில் எடுக்க ஆரம்பித்தார். போருக்குள் திருமணம், போருக்குள் பிரசவம். கணவர் மருத்துவர், வீடு மருத்துவமனைக்குள்ளேயே. ஐந்து வருடங்களில் 500 மணி நேரத்துக்கு மேல் எடுத்த காட்சிகளிலிருந்து, எட்வர்ட் வாட்ஸோடு சேர்ந்து ஒன்றரை மணி நேரச் சொச்சத்துக்கு ஒரு படம் செய்தார். 2019இல் வந்த 'சமாவுக்காக'. படம் முழுக்க அவர் தன் கைக்குழந்தை சமாவிடம்தான் பேசுகிறார். ஏன் ஓடிப் போகவில்லை, உன்னை ஏன் இங்கே பெற்றேன் என்று மகளிடம் கணக்கு ஒப்புவிக்கிறார். அந்தக் குழந்தை வளர்ந்து என்றாவது கேட்கப்போகும் கேள்விக்கு முன்கூட்டியே சொல்லும் பதில் அது.

இங்கேதான் சம்மதம் என்ற விஷயம் வருகிறது. இந்தத் துறையின் முள் இதுதான்.

1989இல் ஐநா ஏற்ற குழந்தைகள் உரிமை உடன்படிக்கை, பதினெட்டு வயதுக்குக் கீழ் இருப்பவர்களைக் குழந்தை என்கிறது. தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமை குழந்தைக்கு உண்டு என்கிறது 12ஆம் பிரிவு. அந்தரங்கத்தைக் காப்பது 16ஆம் பிரிவு. ஆக, பெற்றோர் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள் என்பதோடு வேலை முடியவில்லை. பிள்ளையும் சரி என்று சொல்ல வேண்டும். போரில் பெற்றோர் யார் என்பதே சில சமயம் கேள்விதான். வில்மொன்டின் அடுத்த படம் கிழக்கு உக்ரைனின் லிசிசான்ஸ்க் நகரில் ஒரு தற்காலிகக் காப்பகத்தில் எடுத்தது. பெற்றோரால் பார்த்துக்கொள்ள முடியாத பிள்ளைகள் அங்கே ஒன்பது மாதம் வரை தங்கலாம். அதற்குள் வீட்டுக்குத் திரும்புவார்களா, வளர்ப்புக் குடும்பத்துக்குப் போவார்களா, அநாதை இல்லத்துக்கா என்று முடிவாகும். அந்த மாதிரிப் பிள்ளைக்காக யார் கையெழுத்துப் போடுவது? குடியில் மூழ்கிய அம்மாவா, காப்பக அதிகாரியா? யார் போட்டாலும், போட்டவருக்கு அந்தப் பிள்ளையின் மனசு முழுதாகத் தெரியும் என்று சொல்ல முடியாது.

பத்து வயதுப் பிள்ளையிடம் 'படம் எடுக்கலாமா?' என்று கேட்டால் 'ம்' என்றுதான் சொல்லும். படம் என்றதும் அதற்குத் தோன்றுவது தன் தெரு, தன் வகுப்பு, அதிகம் போனால் தொலைக்காட்சி. எட்டு வருடம் கழித்து வேலை கேட்டுப் போகும் இடத்தில் ஒருவர் இதைப் பார்த்திருப்பார் என்றோ, எதிர்த்தரப்பில் ஒருவர் தன் முகத்தை நிறுத்திப் பெரிதாக்கிப் பார்ப்பார் என்றோ அதற்குத் தோன்றாது. பெரியவர்களுக்கே தோன்றுவதில்லை. அதனால் அனுபவமுள்ளவர்கள் ஒரு தடவை கேட்டுவிட்டு நிறுத்துவதில்லை. எடுத்ததை அன்றன்றைக்கே கேமராவின் சின்னத் திரையில் போட்டுக் காட்டுவார்கள். ஒரு சைகை சொல்லிக் கொடுப்பார்கள்: கையை இப்படித் தூக்கினால் கேமரா கீழே போய்விடும். பிள்ளைகள் அதை முதலில் சும்மாவேனும் செய்து பார்ப்பார்கள், நீங்கள் சொன்னது மெய்யா என்று. அந்த முதல் தடவை நல்ல ஷாட் போகிறதே என்று தயங்கினால் தீர்ந்தது. பிறகு அந்தப் பிள்ளை உங்களை நம்பாது, நம்பவும் கூடாது.

முகத்தை மறைப்பது பற்றி, ஐநாவின் குழந்தைகள் அமைப்பான யுனிசெஃப் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. பாலியல் வன்முறைக்கு ஆளான குழந்தை, குற்றம் சாட்டப்பட்ட குழந்தை என்றால் பெயரை மாற்ற வேண்டும், முகத்தை மறைக்க வேண்டும். ஆயுதம் ஏந்தியிருந்த குழந்தை என்றால் ஆபத்து இருக்கிறதா என்று பார்த்து மறைக்க வேண்டும். இன்றைக்கு அதுவும் போதாது. பின்னால் தெரியும் மலை விளிம்பு, தண்ணீர்த் தொட்டி, பள்ளிவாசல் கோபுரம் ஆகியவற்றை வைத்து இணையத்தில் உட்கார்ந்த இடத்திலிருந்தே வீட்டைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். முகத்தை மங்கலாக்கிவிட்டுப் பள்ளிச் சீருடையின் சின்னத்தை விட்டுவைத்தால் என்ன பயன்?

கேமராவை எப்போது கீழே வைக்க வேண்டும் என்பது அடுத்த கேள்வி. ஹ்னுதோவே படத்தில் ஒரு காட்சி. மூத்த பையன் ஒருவனிடம் கைத்துப்பாக்கி இருக்கிறது. வெளியில் போய், தவளைகளைக் குறிவைத்துச் சுட்டுப் பழகுகிறார்கள். பத்து வயதுக் கை துப்பாக்கியைப் பிடிக்கிறது. பார்க்கும்போது கேமராவுக்குப் பின்னால் இருக்கும் மனிதரைப் பிடித்து உலுக்கத் தோன்றியது எனக்கு. தடுத்திருக்க வேண்டாமா? அதே சமயம், போர் ஒரு சிறுவனை எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தன் பக்கம் இழுக்கிறது என்பதை அந்தக் காட்சி அளவுக்கு எதுவும் எனக்குச் சொல்லவில்லை. இதற்கு ஒரு பொது விதி கிடையாது என்பவர்கள் உண்டு. என்னைக் கேட்டால், உயிருக்கு ஆபத்து என்று அந்த நொடியில் தோன்றினால் கேமராவை வைத்துவிட வேண்டும். தோன்றவில்லை என்று பிறகு சொன்னால், அதைப் பார்வையாளர்கள் முன்னால் நின்று சொல்லத் தயாராக இருக்க வேண்டும்.

பொய் சொல்லி உள்ளே போனவர்களும் உண்டு. சிரிய இயக்குநர் தலால் தெர்க்கி, தன்னை ஜிகாதிகள்மேல் அனுதாபமுள்ள போர்ப் புகைப்படக்காரர் என்று சொல்லிக்கொண்டு, வட சிரியாவில் அல் கைதாவோடு தொடர்புடைய அல் நுஸ்ரா அமைப்பைச் சேர்ந்த ஒருவரின் வீட்டில் இரண்டு வருடங்களுக்கு மேல் போய்வந்து தங்கிப் படம் எடுத்தார். மகன்கள் அப்பாவைப் பார்த்து ஆயுதத்துக்குத் தயாராவதை அருகில் இருந்து காட்டும் 'தந்தைகளும் மகன்களும்' என்ற அந்தப் படம் 2018இல் அமெரிக்காவின் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் உலக ஆவணப்பட நடுவர் பரிசை வென்றது. அப்பாவிடம் பொய் சொன்னதை என்னால் ஏற்றுக்கொள்ள முடிகிறது. மகன்களை நினைக்கும்போது தொண்டையில் ஏதோ நிற்கிறது. அவர்கள் முகங்கள் திறந்தே இருக்கின்றன. வீட்டுக்கு வந்து பழகிய மாமா யார் என்பது அவர்களுக்கு அப்போது தெரியாது.

பார்வையாளரிடம் மறைப்பதும் பிள்ளையின் தலையில்தான் விடிகிறது. 2025 பிப்ரவரியில் பிபிசி, காசாவில் போருக்குள் வாழும் பிள்ளைகளைப் பற்றிய ஒரு படத்தை ஒளிபரப்பியது. வெளிநாட்டுப் பத்திரிகையாளர்கள் தாமாக காசாவுக்குள் போக இஸ்ரேல் அனுமதிக்காததால், இயக்குநர்கள் லண்டனில் இருந்துகொண்டு, காசாவில் இருந்த ஒளிப்பதிவாளர்கள் வழியாக எடுத்த படம் அது. கதை சொல்லும் குரல் 13 வயதுப் பையன் ஒருவனுடையது. அவனுடைய அப்பா ஹமாஸ் நடத்திய அரசில் விவசாயத் துறைத் துணை அமைச்சர் என்பது பிறகு வெளியே வந்தது. படம் சில நாட்களிலேயே பிபிசியின் இணைய மேடையிலிருந்து எடுக்கப்பட்டது. தயாரிப்பு நிறுவனத்தில் சிலருக்கு இது முன்பே தெரிந்திருந்தது என்றும், பார்வையாளருக்குச் சொல்லாதது துல்லிய விதியை மீறியது என்றும் பிபிசியின் உள் விசாரணை ஜூலையில் சொன்னது. படத்தின் உள்ளடக்கத்தில் அந்தக் குடும்பம் தலையிட்டதற்கு ஆதாரம் இல்லை என்றும் அதே விசாரணை சொன்னது. ஒரு வரி எழுத்தைத் திரையில் போட்டிருந்தால் போதும். அதைப் பெரியவர்கள் செய்யாததால், மற்றப் பிள்ளைகள் சொன்னதெல்லாம் அடிபட்டுப் போனது. உலகம் முழுக்க விவாதிக்கப்பட்ட முகம் அந்தப் பையனுடையதாக ஆனது.

படம் முடிந்த பிறகும் பிள்ளை வளர்ந்துகொண்டேதான் இருக்கும். 'ப்ராமிசஸ்' படத்தில் இஸ்ரேலிய இரட்டையர்கள் தஹைஷே என்ற பாலஸ்தீன அகதி முகாமுக்குப் போய், அங்கே இருக்கும் பையனோடு ஒரு நாளைக் கழிப்பார்கள். விளையாட்டு, சாப்பாடு, கடைசியில் அழுகை. அதோடு முடித்திருந்தால் எல்லோரும் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருக்கலாம். இயக்குநர்கள் இரண்டு வருடம் கழித்துத் திரும்பிப் போய் அதே பிள்ளைகளிடம் பேசி, அதையும் படத்தில் சேர்த்தார்கள். குரல் உடைந்திருக்கிறது, தோள் அகன்றிருக்கிறது, தொடர்பு விட்டுப்போயிருக்கிறது.

இதைவிடக் கடினமான திரும்பல் ஒன்று உண்டு. ஆர்னா மெர் என்ற இஸ்ரேலிய யூதப் பெண்மணி, மேற்குக் கரையின் ஜெனின் அகதி முகாமில் பிள்ளைகளுக்காக ஒரு நாடக அரங்கை நடத்தினார். அவர் மகன் ஜூலியானோ மெர் காமிஸ் அங்கே நாடகமும் சொல்லிக் கொடுத்தார், கேமராவிலும் எடுத்தார். ஆர்னா 1995இல் புற்றுநோயில் இறந்தார். 2002இல் ஜெனினில் நடந்த பெரும் சண்டைக்குப் பிறகு ஜூலியானோ அந்தப் பிள்ளைகளைத் தேடித் திரும்பிப் போனார். ஒருவன் இஸ்ரேலின் ஹதேரா நகரில் பொதுமக்களைச் சுட்டுக் கொன்ற தாக்குதலில் இறந்திருந்தான். ஒருவன் முகாம் சண்டையில் இறந்திருந்தான். இன்னொருவன் ஆயுதக் குழுவுக்குத் தலைவனாக இருந்தான், அவனும் பிறகு கொல்லப்பட்டான். அவனுடைய பழைய காட்சி ஒன்று படத்தில் வருகிறது. இடிக்கப்பட்ட தன் வீட்டின் கற்குவியல்மேல் சின்னப் பையனாக உட்கார்ந்திருக்கிறான், எதுவும் பேசவில்லை. அதை எடுத்த நாளில் அது என்ன காட்சி என்று எடுத்தவருக்கே தெரிந்திருக்காது. 2004இல் வந்த 'ஆர்னாவின் பிள்ளைகள்' கொலையை நியாயப்படுத்தவில்லை. அந்தப் பிள்ளையையும் அந்த ஆளையும் ஒரே படத்தில் வைத்துவிட்டு நம்மைப் பார்க்கச் சொல்கிறது. எனக்கு அதை இரண்டாம் முறை பார்க்கத் தைரியம் வரச் சில வருடங்கள் ஆயின.

வேறு மாதிரியும் நடக்கும். ஆஃப்கானிஸ்தானின் பாமியானில், தாலிபான்கள் புத்தர் சிலைகளைத் தகர்த்த அதே பாறைச் சரிவின் குகைகளில் குடியிருந்த ஒரு சிறுவனை பிரிட்டிஷ் இயக்குநர் ஃபில் கிராப்ஸ்கி 2002இல் எடுக்க ஆரம்பித்தார். ஷோயப் ஷரிஃபியோடு சேர்ந்து இருபது வருடம் விடாமல் தொடர்ந்தார். அந்தப் பையன் ஆடு மேய்த்தான், படிப்பை விட்டான், கல்யாணம் செய்துகொண்டான், பிள்ளைகளுக்கு அப்பாவானான். கடைசியில் காபூலில் செய்தி ஒளிப்பதிவாளராக வேலைக்குச் சேர்ந்தான்.

உதவி என்ற பேச்சையும் தவிர்க்க முடியாது. பேட்டிக்குக் காசு கொடுத்தால் பேச்சு மாறும் என்பது சரிதான். ஆனால் ஒரு வருடம் ஒரு வீட்டில் சாப்பிட்டுவிட்டு, அந்த வீட்டுக்குக் கரி வாங்கிப் போட மாட்டேன் என்பது என்ன கொள்கை? பலர் செய்வது, படம் முடியும் வரை பெரிதாக எதுவும் கொடுக்காமல் இருந்து, பிறகு அமைப்புகள் வழியாகச் செய்வது. சஃபரோவ், போரால் பாதிக்கப்பட்ட பிள்ளைகளுக்கு மனநல உதவி தரும் 'குழந்தைகளின் குரல்கள்' அறக்கட்டளையை நிறுவியவர்களில் ஒருவர். லிசிசான்ஸ்க் படம் 2022 ஜனவரியில் சன்டான்ஸில் பரிசு வாங்கியது. அடுத்த மாதமே ரஷ்யா முழுப் படையெடுப்பைத் தொடங்கியது. காப்பகப் பிள்ளைகளை மேற்கே அனுப்ப வேண்டியதாயிற்று, ஜூலையில் ஊரே ரஷ்யாவின் கைக்குப் போனது.

முதலில் எதைப் பார்ப்பது என்று கேட்பவர்களுக்கு நான் ஹ்னுதோவே படத்தைத்தான் சொல்வேன். கைபேசியின் ஸ்பீக்கரில் மட்டும் பார்க்காதீர்கள். அந்த 'தொம்' சத்தம் அதில் பாதிக்கு மேல் காணாமல் போய்விடும், பையன் எதற்குத் தலையைத் திருப்புகிறான் என்றே உங்களுக்குத் தெரியாது. நல்ல ஹெட்போன் ஒன்றை மாட்டிக்கொண்டு, இரவில், வீடு அடங்கிய பிறகு பாருங்கள்.